ரொட்டி ஏணி

1996 செப்டம்பர் 1, ஞாயிறு
சாந்த்தா உர்சுலா சுரங்க வாசல், பொத்தோசி

அன்புள்ள இலாரியா அக்கா,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நான் ஒரு வரி எழுதவில்லை. உன் பெயரை எடுத்தாலே அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய்விடுவாள். இப்போது எழுதுவதும் அவளுக்குத் தெரியாது. தூங்கும்போது என் கணுக்காலையும் தன் கணுக்காலையும் ஒரு கம்பளிக் கயிற்றால் சேர்த்துக் கட்டிவிடுகிறாள். அவள் குறட்டை கேட்டதும் முடிச்சை அவிழ்த்துவிட்டு, காலி டைனமைட் பெட்டிக்குப் பின்னால் மெழுகுவர்த்தித் துண்டை மறைத்து வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு.

தோன் காசிமிரோவைக் காணவில்லை. நீ அவரை அம்மாவின் புருஷன் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை, அதனால் உனக்கு வருத்தம் இருக்காது. ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமையிலிருந்து ஆள் இல்லை. முந்தின இரவு அவர் அடித்ததில் அம்மாவுக்கு முன்பல் இரண்டு போய்விட்டன. காலையில் அவள் ஊருக்குள் சுகாதார நிலையத்துக்கு இறங்கினாள். முகம் வீங்கியதால் அன்றிரவு தோழி வீட்டிலேயே தங்கிவிட்டேன் என்கிறாள். அப்படித்தான் சொல்கிறாள்.

நான் மதியம் பள்ளியிலிருந்து மலையேறி வந்தேன். சூப்பைச் சூடாக்கினேன். அது நினைவிருக்கிறது. அடுத்து எனக்கு நினைவிருப்பது சனிக்கிழமை விடியல், தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நான் கிடக்கிறேன், அம்மா என் கன்னத்தில் தட்டுகிறாள். நடுவில் எதுவும் இல்லை. தூங்கினேனா என்றால் அதுவும் தெரியவில்லை. ஒரு பகல் பாதியும் ஒரு இரவும் எனக்கு நடக்கவேயில்லை.

அன்றிலிருந்து நான் சரியாக இல்லை, அக்கா. சாப்பாடு இறங்குவதில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. வகுப்பில் திடீரென்று கைகால் விறைத்து விழுகிறேன். எல்லாம் காதில் விழும், அசையத்தான் முடியாது. "எழுந்திரு நாடகக்காரி, மணி அடிச்சாச்சு, கணக்குப் பரீட்சை முடிஞ்சிருச்சு" என்று பிள்ளைகள் காலால் தள்ளுகிறார்கள்.

ஆகஸ்டில் பூமி வாய் திறந்திருக்கும், பயந்ததில் பிள்ளையின் உயிர் விழுந்த இடத்திலேயே தங்கிவிட்டது என்று, அம்மா மாதிரியே பக்கத்துச் சுரங்கத்துக்குக் காவல் இருக்கும் தோன்யா எபிஃபானியா சொன்னாள். செவ்வாய்க்கிழமை அந்தி நேரத்தில் தண்ணீர்த் தொட்டியருகே வந்து உயிரைக் கூப்பிட்டார்கள். என் ஸ்வெட்டரைத் தூக்கிப் பிடித்து, மணி ஆட்டி, "நெலிதா, வா, வீட்டுக்கு வா" என்று எபிஃபானியா கூப்பிட, எனக்குப் பதிலாக "வர்றேன், வர்றேன்" என்று அம்மா சொல்லவேண்டும். மூன்றாவது முறை என் பெயர் கேட்டதும் நான் விறைத்து விழுந்துவிட்டேன். எபிஃபானியா அம்மாவைப் பார்த்துக் கேட்டாள், "சாத்து, இடம் இதுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வேற இடத்துல நின்னு கூப்பிட்டா வராது." அம்மா, "இதுதான், இதுதான்" என்று இரண்டு தடவை சொன்னாள். அவள் பொய் சொல்லும்போது எதையும் இரண்டு தடவை சொல்வாள் என்று உனக்குத் தெரியும்.

இன்னும் இருக்கிறது. நம் காவல் வீட்டுக்குப் பின்னால் பலகை போட்டு மூடிய பழைய குழி இருக்கிறதே, அதன்மேல் புதுப் பலகை வைத்து, ஒரு நாள் முழுக்கத் தனியாகக் கல் சுமந்து அடுக்கினாள். என்னை அந்தப் பக்கம் விடுவதில்லை. தினமும் படுக்கும்முன் ஏதோ இலை போட்ட கஷாயம் தருகிறாள். குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே நிற்கிறாள். நான் எதையோ பார்த்திருக்கிறேன், அதை மறக்கடிக்கத்தான் கஷாயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவள் செய்திருந்தால் அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சொல்லாமல் இருந்தால் எனக்கு என்ன ஆகுமோ தெரியாது. என்ன செய்யட்டும்? பதிலை பஸ் டிரைவர் தோன் ஃபெலிசியானோ கையில் கொடு. அவர் பள்ளிக்கு எதிரே நிறுத்தும்போது வாங்கிக்கொள்வேன்.

நெலிதா


1996 செப்டம்பர் 9
கொச்சபாம்பா

நெலி,

இரண்டு வருடம் கழித்து எழுதுகிறாய், அதுவும் அம்மா கொலைகாரியா என்று கேட்க. எப்படி இருக்கிறாய் அக்கா என்று ஒரு வார்த்தை இல்லை. நன்றாக இருக்கிறேன். மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் விடுதியின் சமையலறையில் நாளைக்கு அரை மூட்டை உருளைக்கிழங்கு தோல் சீவுகிறேன். கை மரத்துப்போய்விட்டது. கேட்டதற்கு நன்றி.

உன் கேள்விக்கு என் பதில்: அம்மா செய்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்த ஆளா நானா என்று கேட்டபோது என் துணி மூட்டையைத் தூக்கி மழையில் எறிந்த கை அது. கோபம் வந்தால் அந்தக் கைக்கு அளவு தெரியாது. ஆனால் பல் போன பிறகாவது அவளுக்குக் கோபம் வந்ததா என்றுதான் எனக்குச் சந்தேகம். முதல் பல் போனபோது, "வழுக்கி விழுந்துட்டேன்"னு என்னிடமே சொன்னவள்.

கஷாயத்தைக் குடிக்கிற மாதிரி நடித்து, துப்பிவிடு.

இன்னொன்று. இந்த விளையாட்டெல்லாம் என்னிடம் வேண்டாம். உன் கடிதம் வந்த அடுத்த பஸ்ஸில் இன்னொரு தாள் வந்தது. தேதி இல்லை, "அன்புள்ள அக்கா" இல்லை, கீழே பெயர் இல்லை. அதே கட்டம் போட்ட தாள், அதே ஊதா மை. எழுத்து மட்டும் கொஞ்சம் பெரியது. நான்கே வரி: "அவர் வெகுநேரம் கூப்பிட்டார். சத்தம் கீழேயிருந்து வந்தது. சாவி என் கையில் இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டேன்."

யார் கூப்பிட்டது? என்ன சாவி? பயமுறுத்த வேண்டுமென்றால் அம்மாவைப் போய் பயமுறுத்து. என்னால் அன்றைக்குத் தூங்க முடியவில்லை.

இலாரியா


1996 செப்டம்பர் 15, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? இந்த முறை முதலில் கேட்டுவிட்டேன்.

நான் ஒரு கடிதம்தான் எழுதினேன். சத்தியமாக ஒன்றுதான். அந்தத் தாளை நான் எழுதவில்லை.

வியாழக்கிழமை தோன் ஃபெலிசியானோவிடம் கேட்டேன். அவர் பஸ் படியில் உட்கார்ந்து கோகா இலை மென்றுகொண்டிருந்தார்.

"என் பேர்ல வேற யாராவது உங்ககிட்ட கடிதம் குடுத்தாங்களா?"

"நீதான் குடுத்த."

"நான் குடுத்தது ஒண்ணு. ரெண்டாவது?"

"அதையும் நீதான் குடுத்த தாயே. விடிஞ்சும் விடியாம வந்து நின்ன. மலையிலேர்ந்து செருப்புக்கூட இல்லாம இறங்கி வந்திருந்த. வணக்கம் சொன்னேன், பதில் இல்ல. எங்க வீட்டுக்காரி இருந்திருந்தா பேய்னு சொல்லி என்னைத் தூக்கிட்டு ஓடியிருப்பா."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இவரும் அம்மாவும் ஒரே ஊர்க்காரர்கள். அம்மா சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிறாரோ என்று தோன்றியது. நான் உனக்கு எழுதுவது அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்து, என்னைப் பைத்தியம் என்று நீ நம்பவேண்டும் என்பதற்காக யாரையோ வைத்து எழுத வைக்கிறாளா? அவளுக்குத் தன் பெயர்கூட எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் யாரோ உதவுகிறார்கள். எங்கள் வகுப்பு ஆசிரியை ஒருநாள் இங்கே வந்து அம்மாவோடு மெதுவாகப் பேசிவிட்டுப் போனாள். நான் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

நோட்டை எண்ணிப் பார்த்தேன். உனக்கு எழுதக் கிழித்தது மூன்று தாள். ஆனால் ஐந்து தாள் குறைகிறது.

காசிமிரோவின் அண்ணன் தோன் போனிஃபாசியோ நேற்று வந்தார். எங்களுக்கு இரண்டு வீடு கீழே இருப்பவர்தான், உனக்குத் தெரியுமே. வாசலிலேயே நின்றார். "அவனுக்கு ஒரு இடத்துல கால் நிக்காது, சிலி பக்கம் போயிருப்பான்னு நெனச்சேன். ஆனா ஹெல்மெட்டையும் போட்டுக்கிட்டா சிலிக்குப் போவான்?" என்று கேட்டார். அம்மா, "போறவன் சொல்லிட்டாப் போறான், சொல்லிட்டாப் போறான்?" என்றாள். இரண்டு தடவை.

கஷாயத்தைத் துப்பிவிட்டேன். அன்றிரவு இன்னும் மோசமாக இருந்தது. காலையில் என் பாதம் முழுக்க மண்ணும் கீறலும். கயிறு அறுந்து கிடந்தது. அம்மா என் காலைக் கழுவிவிட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நெலிதா


1996 செப்டம்பர் 27
கொச்சபாம்பா

நெலி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். அதனால் தாமதம்.

கஷாயத்தைக் குடி. துப்பச் சொன்னது என் தப்பு.

இன்னும் ஒரு தாள் வந்தது. அதில் இருப்பதை இப்போது சொல்லமாட்டேன். அதை யார் எழுதினார்கள் என்று நீயும் தேடாதே. ஆசிரியையிடம் கேட்காதே, டிரைவரிடம் கேட்காதே. முக்கியமாக, அந்த நான்கு வரியைப் பற்றிப் போனிஃபாசியோ காதில் ஒரு சொல் விழக்கூடாது.

இங்கே டாக்டர் ஒத்திலியா என்று ஒருத்தர் இருக்கிறார். சமையலறைக்கு வந்து நின்றுகொண்டே சூப் குடிப்பார். என் சிநேகிதி ஒருத்தியின் தங்கை என்று சொல்லி உன்னைப் பற்றிக் கேட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"விழறப்ப நாக்கைக் கடிச்சுக்குறாளா?"

"இல்லையாம். எல்லாம் காதுல விழுதாம்."

"சாப்பாடு? தூக்கம்?"

"ரெண்டும் இல்ல. அழுகை மட்டும் இருக்கு. ராத்திரி நடக்குறா."

"வீட்டுல அடிதடி உண்டா?"

நான் கத்தியை எடுத்து உருளைக்கிழங்கைச் சீவ ஆரம்பித்தேன். அவர் புரிந்துகொண்டார்.

"இந்த மாதிரி மறதி தனியா வராது இலாரியா. பல வருஷப் பயம், சாப்பிட விடாத துக்கம், உடம்பு விறைச்சு விழறது, எல்லாத்தையும் சேத்துக் கூட்டிட்டு வரும். தாங்க முடியாத ஒண்ண மனசு எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிடும். அவ நடிக்கல. ஆனா பூட்டினது உள்ளேயே சும்மா இருக்காது. சில நேரம் அவளுக்கே தெரியாம எழுந்து நடக்கும், பேசும், வேலை செய்யும். அப்புறம் அது அவளுக்கு ஞாபகம் இருக்காது. அதை யாரும் அவ மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடாதீங்க. பக்கத்துல ஆள் இருக்கணும். முடிஞ்சா இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

போகும்போது, "சிநேகிதி தங்கச்சிக்கு உங்க மூக்குதானோ?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நவம்பரில் லீவு கேட்டிருக்கிறேன். அதுவரை யாரிடமும் எதுவும் பேசாதே. அம்மாவைப் பற்றி நான் முதலில் எழுதியதை நினைத்துக்கொண்டிருக்காதே. வந்து சொல்கிறேன்.

அக்கா


1996 அக்டோபர் 20, ஞாயிறு

அக்கா,

நீயும் மாறிவிட்டாய். முதல் கடிதத்தில் துப்பு என்றாய், அடுத்ததில் குடி என்கிறாய். தேடாதே, கேட்காதே, பேசாதே. இதெல்லாம் அம்மா சொல்வது. அவள் உனக்கு ஆள் அனுப்பினாளா? என்னைப் பைத்தியக்கார விடுதியில் சேர்க்க இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டீர்களா? டாக்டர் சொன்னதில் பாதியை எழுதி, பாதியை மறைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரிகிறது.

பரவாயில்லை. இப்போது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஆன்மாக்கள் திருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். போனிஃபாசியோ புதன்கிழமை திரும்ப வந்தார். இந்த முறை உள்ளே வந்து உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"சாத்துர்னினா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நவம்பர் ஒண்ணாந்தேதி மத்தியானம் செத்தவங்க எல்லாம் வீட்டுக்குச் சாப்பிட வருவாங்க. தம்பிக்கு மேசை போடணுமா வேண்டாமா? உயிரோட இருக்கிறவனுக்கு மேசை போட்டா நானே அவனைக் கொன்ன மாதிரி. செத்தவனுக்குப் போடலேன்னா மொத வருஷமே பட்டினியாத் திரும்பிப் போவான். எங்கம்மா இருந்திருந்தா எனக்கு என்ன சொல்லியிருப்பா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"உனக்குத் தெரியலன்னா யாருக்குத் தெரியும்? போலீஸ்கிட்டப் போறதுக்கு முன்னால உன்கிட்டக் கேக்கலாம்னு வந்தேன். ஒண்ணாந்தேதி மத்தியானம் வரைக்கும் பாப்பேன்."

அம்மா அவருக்குச் சூப் கொடுத்தாள். அவர் தொடவில்லை.

நேற்று சாமான் அறையில் மண்வெட்டி எடுக்கப் போனேன். பழைய கித்தான் சாக்குக்கு அடியில், வெள்ளைத் துணியில் சுற்றி, ரொட்டி. எபிஃபானியாவின் அடுப்பில் அம்மா சுட்டிருக்கிறாள். ஒரு மனுஷ ரொட்டி, ஒரு ஏணி ரொட்டி. செத்தவர் ஏறிவரவும் இறங்கிப்போகவும் மேசையில் வைப்பார்களே, அந்த ஏணி. வழக்கமாக ஐந்து படி வைப்பார்கள். இதில் பதினேழு படி எண்ணினேன். அவ்வளவு நீள ஏணியை யாருக்காகச் சுட்டாள்? அப்பாவுக்கு மேசை போட்டு முடித்து ஆறு வருடம் ஆகிறது.

அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"அவர் எங்க இருக்கார்னு உனக்குத் தெரியும். குழிக்குள்ள. நீதான் தள்ளிவிட்ட."

அவள் ரொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி என் தோளுக்கு மேலேயும் பார்த்தாள்.

"ஆமா. நான்தான்" என்றாள். ஒரே ஒரு தடவை. "உனக்கு அதுல ஒண்ணும் இல்ல. நீ பேசாம இருந்து படிச்சு முடி. போ, தூங்கு."

இனி என்ன வேண்டும்? ஒன்றாம் தேதி போனிஃபாசியோவிடம் சொல்லப்போகிறேன். அவளைக் கொண்டுபோகட்டும். அழுகை வருகிறது. ஆனால் இந்த வீட்டில் நான் மட்டும் கட்டுண்டு கிடக்க முடியாது.

நெலிதா


அக்டோபர் 20

அவர் குடித்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை, மற்றவர்கள் எல்லாம் சுரங்கத்துக்குள் தீயோ சாமிக்குச் சாராயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரும் இல்லை. அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றிப் பின்னால் போனார். பலகை முறிந்தது. யாரும் தள்ளவில்லை.

நெலி, கயிறு கொண்டா என்றார். கால் உடைந்துவிட்டது என்றார். கயிறு சாமான் அறையில் இருந்தது. சாவி என்னிடம் இருந்தது. நான் போய்ச் சாமான் அறையைப் பூட்டினேன். திரும்பி வந்து குழி ஓரத்தில் உட்கார்ந்தேன். முந்தின இரவு அம்மா இதே மாதிரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அப்போதும் நான் போகவில்லை, போர்வைக்குள் இருந்தேன். இருட்டின பிறகும் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை.

விடியும்போது அம்மா வந்து என் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டிக்குக் கொண்டுபோனாள்.

அவளுக்குச் சொல்லாதே என்று உன்னிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதத்தில் பெயர் போட்டு எழுதுகிறாளே, அவளுக்கு.


1996 அக்டோபர் 29, செவ்வாய்
ஒருரோவைத் தாண்டி, சாலையில்

என் நெலி,

நான் உன்னிடம் வந்துகொண்டிருந்தேன். விவசாயிகள் சாலை முழுக்கக் கல் அடுக்கிவிட்டார்கள். இரண்டு நாளாக பஸ் நகரவில்லை. பேச்சு வார்த்தை முடிய ஒரு வாரம் ஆகும் என்கிறார்கள். நடந்தே தாண்டிப் போய் அந்தப் பக்கம் லாரி பிடிக்கிற ஒரு கம்பளி வியாபாரியிடம் இதைக் கொடுக்கிறேன். எனக்குக் காலில் புண், அவரோடு நடக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் உன் கையில் கிடைக்கவேண்டும் என்று தெரிந்த எல்லாச் சாமிக்கும் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் ஒத்திலியா இதை எழுத்தில் சொல்லாதே என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல் என்றார். கை எட்டவில்லை, நெலி. நீ வெள்ளிக்கிழமை பேசிவிட்டால் பிறகு யாராலும் திருப்பி எடுக்க முடியாது.

இத்துடன் மூன்று தாள் வைத்திருக்கிறேன். பெயர் இல்லாத தாள்கள். முதலில் உட்கார். கூட எபிஃபானியாவை வைத்துக்கொள். பிறகு படி. உன் நோட்டில் அவற்றைக் கிழித்த இடத்தில் வைத்துப் பார், பொருந்தும்.

டிரைவர் பொய் சொல்லவில்லை. ஆசிரியை எழுதவில்லை. அம்மா யாரையும் தள்ளவில்லை. நான்தான் என்று அவள் சொன்னது பொய். அது உனக்காகச் சொன்ன பொய். உன்னைக் கட்டிப்போட்டது நீ ராத்திரியில் அந்தக் குழிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறாய் என்பதற்காக; இரண்டாவது தாளில் அது இருக்கிறது. கஷாயம் நீ தூங்குவதற்காக. உயிரைத் தப்பான இடத்தில் நின்று கூப்பிட வைத்ததும் அவள்தான். சரியான இடத்தைச் சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதற்காக.

நீ பொய் சொல்லவில்லை. நீ பைத்தியமும் இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து இரவெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாய். ஒரு நாள் மனசு கதவை மூடிவிட்டது. நான் அதற்கு முன்பே மூட்டையோடு போய்விட்டேன். உன்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கவேண்டும். அதை நான் எத்தனை உருளைக்கிழங்கு சீவினாலும் மறக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை எதுவும் பேசாதே. நான் வரும்வரை அம்மாவின் பொய் அப்படியே இருக்கட்டும் என்றுகூட எழுதத் தோன்றுகிறது. எழுதலாமா என்று தெரியவில்லை. நீயே முடிவு செய்.

அக்கா


1996 நவம்பர் 4, திங்கள்
சாந்த்தா உர்சுலா

அன்புள்ள அக்கா,

கடிதம் வியாழன் மாலை வந்தது. கம்பளி வியாபாரி மேலே ஏறி வந்து கொடுத்தார். நீ சொன்னபடி எபிஃபானியாவைக் கூட வைத்துக்கொண்டுதான் படித்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பயமில்லை. தாள்களை நோட்டில் வைத்துப் பார்த்தேன். பொருந்தின. எழுத்து என்னுடையது. ஆனால் எதுவும் நினைவுக்கு வரவில்லை. யாருக்கோ நடந்ததைப் படிக்கிற மாதிரிதான் இருந்தது. உண்மையைச் சொன்னால், இதையும் நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்திருப்பீர்களோ என்று ஒரு மணி நேரம் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் போனிஃபாசியோவும் சுரங்கத்து ஆட்கள் நான்கு பேரும் வந்தார்கள். அவர் கேட்கும் முன்பே அம்மா வாசலுக்குப் போனாள். நல்ல பாவாடை கட்டி, தொப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மேசை போடுங்க. அவரு செத்துட்டாரு. நான்தான் குழில தள்ளினேன்."

நான் அவள் பின்னாலேயே போனேன்.

"இல்ல. அவரா விழுந்தாரு. கயிறு குடுக்காதது நான்."

"உள்ள போடி" என்றாள் அம்மா.

"ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொன்னா நான் யார நம்புறது?" என்றார் போனிஃபாசியோ. "பொண்ணு சரியில்லாதவன்னு ஊரே சொல்லுது."

தாளில் இருந்ததை அப்படியே ஒப்பித்தேன். பலகை, கயிறு, சாவி. பாடம் ஒப்பிப்பது மாதிரிதான். அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. அப்போது நான் சொன்னேன், "கடைசியா என்னைக் கூப்பிடல. 'தவளை, என்னை விட்டுட்டுப் போகாத, தவளை'ன்னு கூப்பிட்டார்."

அது எந்தத் தாளிலும் இல்லை, அக்கா. நீயே பார். என் வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

போனிஃபாசியோ சுவரைப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் ஆற்றில் தம்பி அவரை அப்படிக் கூப்பிடுவாராம். அவர்கள் அம்மா செத்த பிறகு அந்தப் பெயர் யாருக்கும் தெரியாதாம்.

கல்லை எடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் நின்றேன். பார்க்காதே என்று எபிஃபானியா முகத்தை மூடினாள், கையை விலக்கிவிட்டேன். ஒவ்வொரு கல்லாகப் போகப்போக எனக்குத் துண்டு துண்டாக வந்தது. விறைத்து விழவில்லை. வாந்தி மட்டும் எடுத்தேன். இரண்டு பேர் கயிற்றில் இறங்கி, கித்தானில் கட்டி மேலே கொண்டுவந்தார்கள்.

போனிஃபாசியோ என்னை அடிப்பார் என்று நினைத்தேன். எதிரே வந்து குந்தி உட்கார்ந்தார்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டான்?"

"வெளிச்சம் போற வரைக்கும். அப்புறமும் கொஞ்ச நேரம்."

"உனக்கு என்ன வயசு?"

"பதினஞ்சு."

 தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அவன் உங்கம்மாவ அடிக்கிறப்ப எங்க வீடு வரைக்கும் கேக்கும். என் வீட்டுக்காரி எழுந்து போவா, நான்தான் கையப் பிடிச்சு உக்கார வெப்பேன். புருஷன் பொண்டாட்டி விஷயம்னு." எழுந்து போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அன்று மாலையே அவர் வீட்டில் மேசை போட்டார்கள். புதன்கிழமை சிறுவர் நீதிபதி முன் நான் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். பிறகு உன் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கித் தந்தால் உதவும் என்று சுரங்கச் சங்கத் தலைவர் சொல்கிறார். இரண்டு நாளாக ராத்திரி தூக்கம் இல்லை, கண்ணை மூடினால் சத்தம் கேட்கிறது. ஆனால் அது எனக்குக் கேட்கிறது, அக்கா. வேறு யாருக்கோ இல்லை.

அம்மாவைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான்தான் தள்ளினேன்னு சொன்னப்ப, நீ நம்புனியா?"

பொய் சொல்லியிருக்கலாம். இத்தனைக்கும் பிறகு என்னால் முடியவில்லை.

"நம்பினேன்" என்றேன். "நீ சொல்றதுக்கு முன்னாலயே."

தலையாட்டினாள். அன்றிலிருந்து சமைக்கிறாள், தட்டை என் முன்னால் வைக்கிறாள், எதிரே உட்காராமல் வாசலில் போய் உட்காருகிறாள்.

சாலை நாளை திறக்கும் என்கிறார்கள்; கம்பளி வியாபாரி உன் பக்கம் திரும்புகிறார், இதை அவர் கையில் கொடுக்கிறேன். நீ வந்ததும் உன்னிடமும் கேட்பாள். பதிலை வழியில் யோசித்துக்கொண்டு வா.

நெலிதா